விசில் அக்கா வளர்த்த சடை

வைகைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எத்தனையோ சாதனையாளர்களைப் பார்த்திருக்கிறேன். வில்லாபுரத்தில் எங்கள் மாடிவீட்டில் குடியிருந்த விசில் அக்காவுக்குப் பக்கத்தில் நிற்க ஒருவருக்கும் தகுதி கிடையாது. இரண்டு பெண் பிள்ளைகளையும் கணக்கு டீச்சர் வேலையையும் வைத்துக்கொண்டு, போன முடியைத் திரும்ப வரவழைத்தவர் அவர்.

முடி போன கதை சின்னது. தம்பி கல்யாணத்துக்காக ஒரு பார்லரில் முடியை நேராக்கிக்கொண்டார். நேராகத்தான் ஆனது, பிறகு சீப்போடு கொத்துக் கொத்தாக வந்துவிட்டது. மிச்சத்தைக் காதளவுக்கு வெட்ட வேண்டியதாயிற்று. பெரிய சிக்கலே அதற்கப்புறம்தான். அவருடைய சின்ன மகள் அம்மாவின் சடைநுனியைப் பிடித்துக்கொண்டால்தான் தூங்குவாள். பொம்மை, ரிப்பன் என்று எதைக் கொடுத்தாலும் தூக்கி எறிந்துவிட்டு அழுதாள். அக்கா அழவில்லை. "கொஞ்சம் பொறு பாப்பா, அம்மா வளத்துட்டு வாரேன்" என்றார், என்னமோ கடைக்குப் போய்விட்டு வருகிறவர் போல.

அதற்கென்று தனி நேரம் ஏது? எல்லாம் சமையலோடு சமையலாக நடந்தது. இட்லிக்கு ஊறும் வெந்தயத்தில் பாதி தலைக்குப் போகும். அரைத்துத் தடவிவிட்டுப் பருப்புக் குக்கரை அடுப்பில் ஏற்றுவார். விசில் எண்ணி முடிந்ததும் அலசுவார். கடிகாரம் பார்க்க நேரமில்லையாம். பட்டப்பெயர் வந்தது அப்படித்தான். ஒரு நாள் எங்கள் வீட்டு விசிலும் அவர் கணக்கில் சேர்ந்து, பாதியிலேயே அலசிவிட்டார். மறுநாள் கட்டடம் முழுக்க உத்தரவு வந்தது: அவர் தலையை அலசும் வரை யாரும் குக்கர் வைக்கக் கூடாது. எங்கள் குக்கரை இறக்கி வைத்தோம். ரொட்டியைத் தின்றுவிட்டு ஆபீஸ் போனேன்.

செம்பருத்தி இலையை அரைத்துப் பூசிக்கொண்டு மொட்டைமாடியில் மூத்தவளுக்கு வாய்ப்பாடு சொல்லித்தருவார். ஒரு தரம் பக்கத்து வீட்டு ஆடு படியேறி வந்து, பின்னாலிருந்து அவர் தலையை மேய ஆரம்பித்தது. அக்கா திரும்பக்கூட இல்லை. ஒரு கையால் கொம்பைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே, "ஏழெட்டு எம்புட்டு?" என்று கேட்டார். மகள் சரியாகச் சொன்னாள். ஆடும் விடையைக் கேட்டுவிட்டு இறங்கிப் போயிற்று.

முடி வந்தது. முதலில் குத்திட்டு நின்றது, அப்புறம் தோளைத் தொட்டது, ஒருவழியாகச் சடை போடும் அளவுக்கு இறங்கியது. சின்னவள் நிம்மதியாகத் தூங்கத் தொடங்கிய நேரத்தில் அக்காவின் புருஷன் குண்டைத் தூக்கிப் போட்டார். மருந்துக்கடைக்காரர், தெருவில் நிற்கும் ஒரு பைக் கண்ணாடியையும் விடாமல் தன் சுருள்முடியைச் சீவிக்கொண்டு போகிற மனுஷர். பிள்ளையின் அழுகை தாங்காமல் கீழக்குயில்குடி அய்யனாரிடம் ரகசியமாக வேண்டியிருக்கிறார்: மனைவிக்கு முடி வளர்ந்தால், அவளையே கூட்டிவந்து மொட்டை போடுவதாக.

"சாமிக்குப் பெருசா ஏதாச்சும் குடுக்கணும்ல அண்ணே? அன்னைக்கு வீட்டுல பெருசாத் தெரிஞ்சது அவ முடிதான்" என்று என்னிடம் புலம்பினார்.

அக்கா அலட்டிக்கொள்ளவே இல்லை. "சொன்னா குடுக்கத்தான் வேணும். எனக்கென்ன, மறுபடி வளத்துக்கிறேன். பாப்பாகிட்ட மட்டும் நீங்களே சொல்லிருங்க" என்றார்.

அவரால் சொல்ல முடியவில்லை. துணைக்கு நானும் கோயிலுக்குப் போனேன். ஆட்டோவில் ஏறியதிலிருந்து சின்னவள் சடையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். பூசாரி முழுக்கதையும் கேட்டார். வாக்கை மீற முடியாது, ஆனால் மனைவி தலைக்குப் பதிலாகப் புருஷன் தலையைக் கொடுக்கலாம் என்றார். எல்லாரும் மருந்துக்கடைக்காரரைப் பார்த்தோம். அவர் மகளைப் பார்த்தார். ஆட்டோக் கண்ணாடியில் கடைசியாக ஒருமுறை சீவிக்கொண்டு, சட்டையைக் கழற்றிவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

எழுந்தபோது கண் கலங்கியிருந்தது. அக்கா சந்தனத்தைக் குழைத்து அந்த மொட்டைத் தலையில் மெதுவாகப் பூசினார். முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தார்.

"கவலப்படாதீங்க. நாளைலருந்து உங்க தலைக்கும் சேத்து வெந்தயம் ஊறப்போடுறேன்."

அய்யனாரைக் கும்பிடப் போயிருந்த நான், அக்காவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் வீடு திரும்பினேன்.