மூன்றாம் ஓலையில் எழுந்து நின்ற மாப்பிள்ளை

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் எங்கள் கடற்கரையில் முதல் ஐஸ் கம்பெனி கட்டியது நான்தான். விசைப்படகுகள், கருவாட்டுக் கிடங்கு, நடுத்தெருவில் மாடி வீடு, எல்லாம் இந்தக் கை சம்பாதித்தது. (யார் உதவியுமில்லை. கொஞ்சம் இருந்தது. சொல்ல மாட்டேன்.) இவ்வளவும் செய்தவனை ஊர் எதற்காக நினைவில் வைத்திருக்கிறது தெரியுமா? கோயிலில் ஒரு தடவை எழுந்து நின்றதற்காக.

எழுபதுகளில் நான் தூத்துக்குடியில் சங்கு குளிப்பவன். சங்குக் காலம் முடிந்தால் தோணியில் கொச்சிக்குச் சரக்கோடு போவேன். அங்கே துறைமுகத்துப் பக்கம் ஒரு பெண்ணிடம் போனேன். அவள் உறை போடச் சொன்னாள். “பத்துப் பாகம், பத்தாள் ஆழத்துல முங்குத ஆளு நான். எனக்கு எதுக்கு இதெல்லாம்?” என்று மார்தட்டினேன்.

சில வாரத்தில் அந்த இடத்தில் புண் வந்தது. வலியில்லை. உப்புத் தண்ணீர் ஆற்றாத புண்ணா என்று தினமும் கடலில் முங்கினேன். புண் ஆறியே விட்டது! கடலைவிடப் பெரிய டாக்டர் இல்லை என்று நினைத்து, வீட்டில் பேசிய கல்யாணத்துக்குத் தலையாட்டினேன். பெண், அடுத்த தெரு ரோசம்மா.

எங்கள் வழக்கப்படி மாதா கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கவும் என்று. முதல் ஓலை வாசித்த வாரம் என் உள்ளங்கையெல்லாம் செம்பு நிறத்தில் தடிப்பு. தோணியை ஓட்டும் தண்டல் என் கையைப் புரட்டிப் பார்த்தார்.

“ஏலே, கொச்சியில எங்கல போன?”

“எங்கயும் போவல அண்ணாச்சி. பாய்க்கயிறு அறுத்துட்டு.”

“கயிறு அறுத்தா புள்ளி புள்ளியாவால இருக்கும்? மரியாதையா பெரியாஸ்பத்திரிக்குப் போ. வெக்கப்பட்டுக் கெடந்தவன் மூக்கு அழுகிப் போனத நான் பாத்திருக்கேன்.”

மூக்கு என்றதும் போனேன். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு போனேன். (துண்டு போட்டவனைத்தான் எல்லாரும் உற்றுப் பார்த்தார்கள்.) ரத்தம் எடுக்கும்போது, சுறா நடுவே முங்கியவன், மயங்கி விழுந்தேன்.

மூன்றாம் ஓலைக்கு முந்தின நாள் முடிவு வந்தது. மேகநோய்தான், சிபிலிஸ் என்றார் டாக்டர்.

“கடல்ல முங்கி ஆத்திட்டேனே ஐயா?”

“புண்ணு தானாத்தான் ஆறும். வியாதி ரத்தத்துல இருக்கு. மருந்து முடிஞ்சு மறுபடி ரத்தம் பாக்குறவரைக்கும் கல்யாணம் பண்ணக் கூடாது. அந்தக் கொச்சிப் பொண்ணுக்கும் மருந்து வேணும். பேரு என்ன?”

எனக்குத் தெரியவில்லை. நான் கேட்கவே இல்லை. டாக்டர் திட்டவில்லை. பேனாவை மூடி வைத்தார். அது திட்டியதைவிட மோசம்.

பின்பக்கம் இரண்டிலும் பென்சிலின் ஊசி. வீட்டுக்கு நடந்து வரும்போது ஒரு திட்டம் போட்டேன்: யாரிடமும் சொல்லாமல் தாலி கட்டிவிட்டு, மாதாவுக்கு நேர்ச்சை என்று ஏதாவது சொல்லித் தள்ளிப் படுத்துக்கொள்வது. எத்தனை நாளைக்கு என்று யோசிக்கவில்லை. இதை எழுதவே கூசுகிறது.

மறுநாள் பூசை. எங்கள் கோயிலில் தரையில்தான் உட்கார வேண்டும். பிரசங்கம் நீண்டுகொண்டே போனது. ஊசி போட்ட இடம் நெருப்பாய் எரிந்தது. ஒருவழியாகப் பங்குச் சாமியார் ஓலையை எடுத்து, “தடை ஏதும் அறிந்தவர்கள்…” என்று வாசிக்கவும், பொறுக்கமாட்டாமல் நான் எழுந்து நின்றுவிட்டேன்.

கோயிலே திரும்பிப் பார்த்தது.

“ஏலே, நீதானல மாப்பிள்ளை? ஒனக்கே என்னல தடை?” என்று சாமியார் கேட்டார்.

கால் மரத்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பெண்கள் பக்கம் முக்காட்டுக்குள்ளிருந்து ரோசம்மா பார்த்தாள். எனக்கு ஏதோ ஆகிவிட்டதென்று பயந்து போயிருந்தாள். எனக்காக!

“தடை இருக்கு சாமி” என்றேன்.

பூசை முடிந்து, சாமியாரின் அறையில் எல்லாவற்றையும் சொன்னேன். ரோசம்மாவின் அப்பா செருப்பைத் தேடினார். (கோயில் வாசலில் விட்டிருந்ததால் பிழைத்தேன்.) கதவோரம் நின்ற ரோசம்மா ஒன்றுதான் கேட்டாள்.

“எந்திரிக்கலன்னா, சொல்லாமலே கெட்டியிருப்பீயளோ?”

ஆமாம் என்று தலையாட்டினேன்.

“ரத்தம் சுத்தம்னு டாக்டரு சொல்லட்டும். அப்புறம் நான் யோசிக்கேன்.”

ஒரு வருஷத்துக்குமேல் யோசித்தாள். கடைசி ரத்தப் பரிசோதனைக்குக் கூடவே வந்து, டாக்டரிடம் நேரே கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் கழுத்தை நீட்டினாள். கொச்சிப் பெண்ணைத் தேடிப் போய்ச் சொன்னது தண்டல். நான் போகவில்லை. எனக்கு முகமில்லை.

இப்போதும் எந்தக் கல்யாண ஓலை வாசித்தாலும் என் பேரப்பிள்ளைகள் திரும்பி என்னைத்தான் பார்க்கிறார்கள். ரோசம்மா என் வேட்டியைப் பிடித்து இழுத்து, “உக்காருங்க, இது ஒங்க ஓல இல்ல” என்கிறாள்.

அந்தச் சாமியார் அதன்பிறகு, தோணிக்குப் போகிற ஒவ்வொரு மாப்பிள்ளையையும் தனியே கூப்பிட்டு, ஓலைக்கு முன்னால் ரத்தம் பார்த்துவிட்டு வரச் சொன்னார். அவர் காலமான பிறகு அதையெல்லாம் புகழ்ந்து கோயில் சுவரில் கல் பதித்திருக்கிறார்கள். நல்ல மனுஷன், பதிக்க வேண்டியதுதான். ஆனால் என் பேர் எங்கே? உண்மைக்காக எழுந்தேனா, ஊசிக்காக எழுந்தேனா என்பது வேறு விஷயம். எழுந்தவன் நான். சாமியார் பேருக்குக் கீழே, சின்ன எழுத்திலாவது, என் பேரை வெட்டியாக வேண்டும்.