மாமனார் பாஸ் பண்ணாத லாட்

மாமனாரிடம் நல்ல பேர் வாங்கியே தீருவது என்று கிளம்பியவன் எவனும் முழுசாகத் திரும்பியதில்லை. நான் கம்ப்யூட்டர் வழியாகக் கிளம்பினேன்.

இரண்டாயிரங்களின் பின்பாதி. என் மாமனார் தேவசகாயம் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். அவர் பார்த்து சீல் வைக்காமல் ஒரு பெட்டி கேட்டைத் தாண்டாது. பெங்களூரில் வேலை பார்த்த என்னை மட்டும் அவரால் எந்த ரகத்திலும் சேர்க்க முடியவில்லை. போகும்போதெல்லாம், "இன்னா வேலைதான் மாப்ள செய்றீங்க?" என்பார். (கல்யாணமான நாளிலிருந்து இதே கேள்வி.)

அவர் லேப்டாப்பில் வயர்லெஸ் அடிக்கடி படுத்துக்கொள்ளும். (அதில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் ஏற்றிக்கொடுத்த மேதாவி நான்தான்.) கோளாறு டிரைவரில், அதாவது வயர்லெஸ்ஸை இயக்கும் புரோகிராமில். அந்த டிரைவர் உட்கார்ந்திருக்கும் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் புது வெர்ஷனில் யாரோ ஒரு புண்ணியவான் அதைச் சரிசெய்துவிட்டார். மாமாவிடம் இருந்ததோ பழைய வெர்ஷன். புதுசில் செய்த திருத்தத்தைப் பழசுக்குத் தோதாக வெட்டி ஒட்டி, கெர்னலைப் பராமரிப்பவருக்கு அனுப்பினால் பழசு வைத்திருக்கும் எல்லோருக்கும் போய்ச் சேரும். ஒட்டினேன். வயர்லெஸ் நிற்காமல் ஓடியது. மாமியார் காபியோடு முறுக்கும் வைத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதே வேகத்தில் இன்னும் பழைய இரண்டு வெர்ஷன்களுக்கும் ஒட்டினேன். ஓட்டிப் பார்க்கவில்லை. (கம்பைல் ஆச்சு, போதாதா?) அனுப்பும் திருத்தத்தின் அடியில், சோதித்தவர் என்று ஒருவர் பேரும் மெயில் முகவரியும் போடுவது வழக்கம். மூன்றிலும் மாமனார் பேரைப் போட்டு அனுப்பினேன். உலகமே பார்க்கும் இடத்தில் அவர் பேர்! ஒரு மருமகன் இதற்கு மேல் என்னதான் செய்வது?

அடுத்த வாரம் போன் வந்தது.

"மாப்ள, எவனோ வெள்ளக்காரன் மெயில் போட்டிருக்கான். பழைய வெர்ஷன்ல மெஷின் அப்டியே நின்னுபோவுதாம். டெஸ்ட் பண்ணியான்னு என்னக் கேக்குறான்."

"உங்க லேப்டாப்ல ஓடிச்சே மாமா..."

"அது ஒண்ணு. மீதி ரெண்டு?"

"கிட்டத்தட்ட அதே மாதிரிதான்..."

"ஏழாம் நம்பர் ஷூவப் பாத்துட்டு எட்டுக்கும் ஒம்போதுக்கும் சீல் வெப்பீங்களா? நான் பாக்காத சரக்குல எம்பேரு எப்டி வந்துச்சி?"

"நான் பாத்துக்கறேன் மாமா. நீங்க பதில் போட வேணாம்."

"போட்டாச்சி."

போட்டது அந்த வெள்ளைக்காரருக்கு மட்டுமல்ல. அந்த மெயில் போன அத்தனை பேருக்கும். (எல்லோருக்கும் சேர்த்துப் பதில் அனுப்பும் வித்தையைக் கற்றுக்கொடுத்தவனும் நானே.) ஃபேக்டரி இங்கிலீஷில் இரண்டே வரி: இந்தச் சரக்கை நான் செக் செய்யவில்லை, சீல் வைத்தது என் மருமகன், தயவுசெய்து முழு லாட்டையும் ரிஜெக்ட் செய்யவும். பராமரிப்பவர் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு மூன்றையும் தூக்கிவிட்டார். ஒழுங்காக ஓடிய ஒன்றையும் சேர்த்து! என் ஆபீசில் அதைப் படிக்காத ஆளில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் முட்டிக்கொள்ளச் சுவர் தேடினேன்.

சனிக்கிழமை ஆம்பூர் போய், மாமா எதிரே கைகட்டாத குறையாக உட்கார்ந்து, கோளாறைக் கண்டுபிடித்துத் திருத்தி, ஒவ்வொரு வெர்ஷனாக ஏற்றி ஓட்டிக் காட்டினேன். ஒருமுறை திரை மினுக்கியதற்காக ரிஜெக்ட் செய்தார். (அது கரண்ட் கோளாறு. வாதாடிப் பார்த்தேன்.) கடைசியில் "பாஸ்" என்றார். இந்த முறை மூன்றும் ஏற்கப்பட்டன, அவர் பேரோடு.

இன்றைக்கும் நான் குழம்பை ருசிபார்த்து உப்பு சரி என்றால், என் மனைவி ஷீலா, "பொரியலும் பாத்தியா, இல்ல அப்பா பேரப் போட்டுட்டியா?" என்கிறாள். மாமா மட்டும் அந்தப் பழைய கேள்வியைக் கேட்பதை விட்டுவிட்டார். சர்ச் வாசலில் யாராவது என்னைப் பற்றி விசாரித்தால் அவரே பதில் சொல்கிறார்: "மாப்ள கம்ப்யூட்டருக்கு ஒட்டுப் போடுவாரு. பாஸ் பண்றது நான்."