என் காரின் சொந்த ஊரைப் பார்க்கப் போன ஜப்பான் அண்ணை

கார் வாங்கப் போனால் விலை கேட்பார்கள், எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்று கேட்பார்கள். காரின் பூர்வீகம் என்ன என்று விசாரித்த ஒரே மனிதர் நியூசிலாந்தின் ஒக்லாந்தில் ஜப்பான் அண்ணைதான்.

தொண்ணூறுகளில் இந்த நகரத்துத் தமிழர் வீட்டு வாசல்களில் நின்றவை பெரும்பாலும் ஜப்பானில் ஓடிக் களைத்துக் கப்பலேறி வந்த கார்கள். அவற்றைக் கழுவித் துடைத்து விற்பனைக்கு நிறுத்தும் ஒரு யார்ட்டில் அண்ணைக்கு வேலை. யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்தவர். த்ரீ கிங்ஸ் என்ற புறநகரில் வாடகை வீடு. காரைத் திறந்தவுடன் அவர் கை முதலில் போவது டாஷ்போர்ட் பெட்டிக்குள். பழைய சொந்தக்காரர் மறந்துவிட்ட தெரு வரைபடம், கோயில் நுழைவுச் சீட்டு, ரயில் நிலையச் சாப்பாட்டுப் பெட்டியின் மேலுறை எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுபோவார். பக்கத்து வீட்டில் தங்கி ஆங்கிலம் படித்த ஜப்பானியப் பெண்ணிடம் கொடுத்து வாசிப்பிப்பார். அடுத்த நாள் காரின் சாதகம் தயார்.

கலியாணத் தரகர் மாப்பிள்ளை வீட்டைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்லுவார். "நல்ல இடத்துக் கார். மலைப் பக்கம். கோதுமை நூடுல்ஸ் இல்லை, சோபா எண்ட மலைத் தானிய நூடுல்ஸ் சாப்பிடுற ஆக்கள் ஓடினது." மாசி என்ற புறநகரில் ஒருவர் வாங்கவிருந்த காரை, இருக்கையை ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு, துறைமுகத்துக் கார், மழையில் மீன் மணக்கும் என்று தடுத்துவிட்டார். மாசிக்காரர் கேட்கவில்லை. மழை வந்தது. மணத்தது.

லின்ஃபீல்ட் பகுதியில் இருந்த நான் வாங்கிய வெள்ளைக் காரிலிருந்து கிடைத்தது ஒரு சாப்பாட்டுப் பெட்டியின் வட்டமான மேலுறை. பச்சை மூங்கில் இலை, அதன்மேல் இளஞ்சிவப்பு மீன் என்று ஒரு படம். தொயாமா என்ற ஊரின் மீன் சோறு என்று கண்டுபிடித்தார். அன்றிலிருந்து என்னைச் சந்திக்கும் போதெல்லாம் "தொயாமாக்காரி எப்பிடி இருக்கிறா?" என்று காரைத்தான் முதலில் விசாரிப்பார்.

அந்தத் தொயாமாவைப் பார்க்க நாங்கள் இருவரும் ஜப்பானுக்குப் போனது தொண்ணூற்றாறில் என்று சிலர் இன்னும் சொல்லித் திரிகிறார்கள். தவறு. தொண்ணூற்றாறில் அவரிடம் பாஸ்போர்ட் இல்லை. நியூசிலாந்துக் குடியுரிமை கிடைத்ததும் பாஸ்போர்ட் வந்ததும் தொண்ணூற்றேழில். போனது அவ்வருடம் ஒக்டோபரில்.

புதுப் பாஸ்போர்ட் எடுத்த நம்மவர் யாராயிருந்தாலும் முதலில் பறப்பது ரொறொன்ரோவுக்கோ லண்டனுக்கோதான். அண்ணைக்கும் ரொறொன்ரோவில் தங்கை இருந்தா. கூடப்பிறந்தவளை விட்டுவிட்டுக் காரின் ஊரைப் பார்க்கப் போகிறாராமே என்று அந்தத் தங்கை போனில் என்னிடமே அழுதா. நான் அவரிடம் சொன்னேன். அவர் கார் துடைத்த துணியைப் பிழிந்து காயப் போட்டுவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"அங்கை அடுத்த வருசம் போவன் ஐசே. இவ்வளவு காலமும் ஒரு நாட்டை விட்டு ஓடினன், இல்லாட்டி ஒரு நாட்டிட்டை இடம் கேட்டு நிண்டன். ஒருக்கால் எங்கையாவது சும்மா பாக்கப் போகவேணும். பாத்து, சாப்பிட்டு, திரும்பி வரவேணும். அவ்வளவுதான்."

விமானத்தில் கொடுத்த குடிவரவு அட்டையில், வந்த நோக்கம் என்ற இடத்தில் "சுற்றிப் பார்க்க" என்று ஆங்கிலத்தில் எழுதினார். எழுதினார் என்பதைவிடச் செதுக்கினார் என்பதே சரி. முதல் அட்டையில் ஓர் எழுத்துச் சரிந்துவிட்டதென்று இன்னொன்று கேட்டு வாங்கினார்.

நகோயா விமான நிலையத்தில் என்னை விட்டார்கள், அவரை நிறுத்தினார்கள். பிறந்த இடம் யாழ்ப்பாணம், பாஸ்போர்ட் புத்தம் புதிது. வேலை தேடி வந்து ஒளித்துக்கொள்ளும் ஆள் என்ற சந்தேகம். நான் திரும்பிப் போய் மொழிபெயர்க்க நின்றேன். திருப்பி அனுப்பிவிட்டால் இந்த மனிதர் இனி எந்த அட்டையையும் கையால் தொடமாட்டார் என்று எனக்குத் தெரியும். இங்கே உமக்கு யார் இருக்கிறார்கள் என்று அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஒருத்தரும் இல்லை எண்டு சொல்லும்," என்றார் அண்ணை. "அதுதான் வந்தனான் எண்டும் சொல்லும்."

சொன்னேன். அப்போது அண்ணை சட்டைப் பையிலிருந்து அந்த வட்ட மேலுறையை எடுத்து மேசையில் வைத்து, வயிற்றைத் தட்டிக் காட்டினார். அதிகாரி மேலுறையைப் பார்த்தார், அண்ணையின் வயிற்றைப் பார்த்தார். முத்திரை விழுந்தது.

பிறகு நடந்ததெல்லாம் ஊர்வலம். மட்சுமோட்டோவில் கறுப்புக் கோட்டையின் செங்குத்தான படிகளில் ஏறி, இதைக் கட்டினவனுக்கு முழங்கால் இருந்திராது என்றார். கீழே வந்து சோபா நூடுல்ஸில், பிலிம் சுருள் டப்பாவில் கொண்டுவந்த யாழ்ப்பாண மிளகாய்த் தூளைத் தூவினார். தக்கயாமாவில் சோயாவில் தோய்த்துச் சுட்ட மா உருண்டைக்கும் தூள். சுட்டு விற்ற அம்மா தானும் கை நீட்டி ஒரு சிட்டிகை வாங்கி நக்கிப் பார்த்து, கண்ணீருடன் தலை குனிந்து வணங்கினா.

இரண்டு ஊர்களுக்கும் நடுவே மலைக்குள் ஒரு வெந்நீர் ஊற்று. கிணற்றடியில் குளிப்பதுபோல இடுப்பில் சாரம் கட்டிக்கொண்டு இறங்கப் போனார். காவலாளி பதறி ஓடி வந்தார். உடுப்போடு இறங்கக் கூடாதாம். அங்கே எல்லோரும் பிறந்த மேனியாக, தலையில் மட்டும் சின்னத் துவாய் ஒன்றை மடித்து வைத்தபடி இருந்தார்கள். அண்ணை சாரத்தை அவிழ்த்து மடித்துத் தலையில் வைத்துக்கொண்டு கம்பீரமாக இறங்கினார். அந்தக் குளத்திலேயே பெரிய தலைப்பாகை அவருடையதுதான்.

கடைசியாகத் தொயாமா. ரயில் நிலையத்தில் அதே வட்டப் பெட்டி வாங்கி, பனி மூடிய மலைகள் தெரியும் ஒரு வாங்குப் பலகையில் அமர்ந்தோம். மூங்கில் இலையை விரித்தார். புளிப்பூட்டி அமத்திய சோறு, மேலே இளஞ்சிவப்பு மீன். வழக்கம்போலத் தூள் டப்பாவை எடுத்து மூடியைத் திறந்தார். ஒரு வாய் சாப்பிட்டார். மூடியைத் திருப்பிப் பூட்டினார்.

"இதுக்குத் தேவையில்லை," என்றார்.

யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருவர் ஒரு மீனுக்குச் சொன்ன இதைவிடப் பெரிய புகழ்ச்சியை நான் கேட்டதில்லை.

சொன்னபடியே அடுத்த வருடம் ரொறொன்ரோவுக்குப் போனார். தங்கைக்குக் கொண்டுபோனது அந்த வெறும் பெட்டியை.

எனக்கும் இப்போது பல பயணங்கள் ஆகிவிட்டன. விமானத்தில் அந்த அட்டை வந்தால் மற்ற இடங்களைக் கிறுக்கி நிரப்பிவிடுவேன். வந்த நோக்கம் என்ற இடம் வரும்போது மட்டும் என் கை தானாக அண்ணையின் கையாகிவிடும். "சுற்றிப் பார்க்க" என்று பெரிய எழுத்தில், அவசரப்படாமல் ஆறுதலாக, ஓர் எழுத்தும் சரியாமல் எழுதுவேன்.