அரை மணி நேரம் வெறும் வாய்

குப்பியின் வயிற்றில் ஒரு கோடு போட்டிருந்தது. அதுவரைக்கும் எச்சில் நிரப்ப வேண்டும். துப்புவதற்கு முந்தின அரை மணி நேரம் வாயில் எதுவும் படக் கூடாது, தண்ணீர்கூட.

குத்தாலிங்கம் காலையிலிருந்து முயன்றுகொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் அரை மணி நிறைவதற்கு முன்னால் கை தானாகக் கல்லாவுக்கு அடியில் போய் வெற்றிலையைக் கிள்ளிச் சுண்ணாம்பு தடவிவிடும். வாய் சிவந்த பிறகுதான் அவருக்கே ஞாபகம் வரும்.

போன வருஷம் அவர் கன்னத்தின் உட்புறம் வெள்ளையாக ஒரு தழும்பைப் பார்த்து டாக்டர் பயமுறுத்தியிருந்தார். அமெரிக்காவிலிருந்து வந்திருந்த மகள் முத்துசெல்வி, அப்பாவின் கையைத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கினாள். அன்றோடு குத்தாலிங்கம் வெற்றிலையை விட்டார். தென்காசியில் இருக்கும் வீட்டில் மட்டும் விட்டார். ஐந்தருவிப் பாதையில் அவர் நடத்தும் எண்ணெய், துண்டுக் கடையில் விடவில்லை.

போன் அடித்தது. முத்துசெல்விதான்.

"அப்பா, எச்சி ரெடியா?"

"உம்" என்றார், உதட்டைப் பிரிக்காமல்.

"சாயங்காலம் என் பிரண்டு எப்சிபா நம்ம வீட்டுக்கு வந்து வாங்கிக்கிடுவா. அப்படியே செங்கோட்டை வழியா திருவனந்தபுரம் போயி பிளேன் ஏறுதா. டிஎன்ஏ டெஸ்ட்டுல நம்ம முன்னோர் எங்கன இருந்து வந்தாங்க, சொந்தக்காரங்க எங்கெங்க இருக்காங்கன்னு எல்லாம் சொல்லிருவாங்கப்பா."

"உம்."

"என்னப்பா உம்மு உம்முங்கீங்க?"

"கூட்டம்" என்று மூக்கால் சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

கூட்டம் என்றது பொய்யில்லை. கார்த்திகை மாதம். ஐயப்ப சாமிகள் வண்டி வண்டியாக வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து நேந்திரம் சிப்ஸ் கடைக்காரன் நம்பிராஜனும் மாலை போட்டிருந்தான். கறுப்பு வேட்டி, திருநீறு, சுத்தமான வாய். குத்தாலிங்கத்துக்குப் புத்தி வேலை செய்தது.

"சாமி, ஒரு உதவி. இதுல கோடு வரைக்கும் துப்பிக் குடு."

"எதுக்கு அண்ணாச்சி?"

"எங்க முன்னோரைக் கண்டுபிடிக்கதுக்கு."

"ஒங்க முன்னோருக்கு நான் எதுக்குத் துப்பணும்?"

"எல்லாரும் ஒரே ஊருதானலே. ஒங்க தாத்தாவும் எங்க தாத்தாவும் ஒரே குளத்துல தண்ணி பாச்சினவங்க. பெரிசா என்ன வித்தியாசம் வந்துரப் போவுது?"

"மாலை போட்டிருக்கேன் அண்ணாச்சி. பொய் ஆவாது."

"பொய்யா சொல்லச் சொன்னேன்? துப்பத்தானே சொன்னேன். நீ வாழக்காய் எடுக்கத் தென்காசிக்குத்தானே போற, அப்படியே வீட்டுல குடுத்துரு."

குப்பியை அவன் கையில் திணித்துவிட்டு, துண்டு கேட்ட சாமிகள் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சாயங்காலம் நம்பிராஜன் வாழைத்தாரோடு வந்து இறங்கினான்.

"முடிஞ்சுதா சாமி?"

"முடிஞ்சுது அண்ணாச்சி. வீட்டுல குடுத்துட்டேன். எப்சிபா பாப்பாவும் வந்து வாங்கிட்டுப் போயிட்டு."

அந்த நிம்மதிக்காகவே குத்தாலிங்கம் இன்னொரு வெற்றிலை போட்டார்.

நிம்மதி மறுநாள் காலை கடை திறக்கும் வரைக்கும் இருந்தது.

"அப்பா, நானும் என் எச்சியைக் குடுத்திருக்கேன்" என்றாள் முத்துசெல்வி போனில். "ரெண்டையும் ஒத்துப் பாப்பாங்க. நீங்கதான் எனக்கு அப்பான்னு அதுவே கண்டுபிடிச்சுச் சொல்லும், பாருங்க."

குத்தாலிங்கத்துக்குப் பாக்கு தொண்டையில் சிக்கியது. அது என்ன சொல்லப்போகிறது என்பது அவருக்கு இப்போதே தெரியும். குப்பிக்காரர் உனக்கு யாருமில்லை என்று சொல்லும். மகள் அம்மாவை எப்படிப் பார்ப்பாள்? அவர் மனைவி ஆவுடையம்மாள் ஒரு பாவமும் அறியாதவள். உண்மையைச் சொல்லிவிடலாம்தான். சொன்னால் வெற்றிலை வெளியே வரும், மகள் தலைமேல் செய்த சத்தியம் வெளியே வரும். அந்த வெட்கத்துக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டார். குப்பி வழியிலேயே உடைந்துவிட வேண்டும் என்று குற்றாலநாதரிடம் வேண்டிக்கொண்டார்.

தை பிறந்தது. மதியச் சாப்பாட்டில் உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது.

"ரிப்போர்ட் வந்துட்டுப்பா. பாதிக்குப் பாதி ஒத்துப்போவுது. பெத்தவங்க பிள்ளை உறவுதான்னு அடிச்சுச் சொல்லிட்டான்."

"பின்ன ஒத்துப்போவாதா?" என்று சிரித்துக்கொண்டே ரசம் ஊற்றினாள் ஆவுடையம்மாள்.

அப்பாடா என்றிருந்தது குத்தாலிங்கத்துக்கு. நன்றாகப் பிசைந்து இரண்டு வாய் சாப்பிட்டார். மூன்றாவது வாய்க்குக் கையைத் தூக்கியபோதுதான் உறைத்தது. துப்பியவன் நம்பிராஜன்.

தூக்கிய சோற்றைத் தட்டிலேயே போட்டார்.

முத்துசெல்வி சின்னப் பிள்ளையாக இருந்தபோது நம்பிராஜன் அவளுக்கு வாராவாரம் சிப்ஸ் பொட்டலம் கொண்டுவந்து கொடுப்பான். அவள் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாருக்குப் பந்தியில் நின்று பரிமாறினான். அவள் பிளேன் ஏறின அன்று அவன்தான் அதிகமாக அழுதான். அதையெல்லாம் பாசம் என்று நம்பிய தன்னைப் போல ஒரு மடையன் தென்காசி முழுக்கத் தேடினாலும் கிடைக்கமாட்டான் என்று தோன்றியது. வெளியே தலைகாட்டவே வெட்கமாக இருந்தது.

"இனிமே நம்பி இந்த வீட்டுக்கு வர வேண்டாம்" என்றார்.

"ஏன், என்ன செஞ்சாவ அவுக?"

"வேண்டாம்னா வேண்டாம்."

கடைக்காரர்கள் இரண்டு பேருக்கும் ஏதோ மனஸ்தாபம் என்று நினைத்துக்கொண்டாள் ஆவுடையம்மாள். சமாதானம் செய்துவைக்க மறுநாளிலிருந்து இரண்டு தூக்குவாளி கொடுத்துவிட்டாள், ஒன்று அவருக்கு, ஒன்று நம்பிராஜனுக்கு. வழியில் இரண்டையும் தூக்கிப் பார்த்தார். நம்பிராஜனுடையது கனமாக இருந்தது.

அதற்குமேல் தாங்கவில்லை. கண்ணால் பார்த்துத் தீர்த்துக்கொள்வது என்று முடிவெடுத்தார். முத்துசெல்விக்குக் காலில் இரண்டாம் விரல் பெருவிரலைவிட நீளம். தனக்கு அப்படியில்லை. நம்பிராஜனுக்கு?

"ஏலே நம்பி, வா, ரெண்டு முங்கு முங்கிட்டு வருவோம்."

பல நாளாக முகம் கொடுக்காத அண்ணாச்சி கூப்பிட்டதும் நம்பிராஜன் கடையை அப்படியே போட்டுவிட்டு வந்தான். சீசன் இல்லாததால் ஐந்தருவியில் தண்ணீர் ஒரு கிளையில் மட்டும் விழுந்துகொண்டிருந்தது. எல்லோரும் தலையைக் காட்டிக் குளித்தார்கள். குத்தாலிங்கம் மட்டும் குனிந்து நம்பிராஜனின் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணாச்சி, சோப்பு விழுந்துட்டா?"

இரண்டாம் விரல் நீளமாகத்தான் இருந்தது.

அப்படியே ஈரப் பாறையில் உட்கார்ந்துவிட்டார். அழுகை வந்தது. தண்ணீர் விழுகிற இடமானதால் யாருக்கும் தெரியவில்லை. அண்ணாச்சிக்கு நெஞ்சுவலியோ என்று பயந்த நம்பிராஜன், அவரை அள்ளி ஆட்டோவில் போட்டு, எந்த வீட்டுக்கு அவன் வரக் கூடாது என்று அவர் சொல்லியிருந்தாரோ அந்த வீட்டுக்கே கொண்டுபோனான்.

ஆவுடையம்மாள் மகளோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தாள். போனை ஜன்னலில் சாய்த்துவைத்துவிட்டு ஓடிவந்து அவர் தலையைத் துவட்டப் போனாள்.

"தொடாத" என்று கையைத் தட்டிவிட்டார் குத்தாலிங்கம். "அந்த ட்யூப்ல துப்பினது நான் இல்ல. இவன். இவன் எச்சிதான் பிள்ளைக்கு ஒத்துப்போயிருக்கு. கால் விரலும் ஒத்துப்போவுது. இப்பச் சொல்லு, செல்வி யாருக்குப் பெறந்தவ?"

போனில் முத்துசெல்வியின் வாய் திறந்தபடி இருந்தது. நம்பிராஜன் தலையில் கைவைத்துக்கொண்டான்.

"அண்ணாச்சி, நான் எங்க துப்பினேன்? மாலையைப் போட்டுக்கிட்டு இன்னொருத்தர் பேருல துப்ப மனசு வரல. வெறும் ட்யூபைத்தான் மதினி கையில குடுத்தேன். வீட்டுல குடுத்துட்டேன்னு அன்னைக்கே சொன்னேனே."

"அப்பா" என்றது போன். "அப்ப நீங்க இன்னும் வெத்தல போடுதீங்களா?"

குத்தாலிங்கத்தால் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. தலையைக் குனிந்தார். குனிந்த இடத்தில் ஆவுடையம்மாளின் கால் இருந்தது. கல்யாணத்தன்று அவர் கையால் மெட்டி போட்டுவிட்ட விரல். பெருவிரலைவிட நீளமாக இருந்தது. அன்றைக்குப் பிறகு அவர் அதைப் பார்த்ததே இல்லை.

ஆவுடையம்மாள் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"ஒங்க சட்டைப் பையில தெனமும் சுண்ணாம்பு ஒட்டியிருக்கது தொவைக்கிறவளுக்குத் தெரியாதா? பிள்ளைட்ட நீங்க அசிங்கப்படக் கூடாதுன்னுதான் அன்னைக்கு நானே அந்த ட்யூப்ல துப்பிக் குடுத்துவிட்டேன். இன்னைக்கு எங்க துப்பணும்னு நீங்களே சொல்லுங்க."