தொலைதூரக் கல்வியும் என் பேரன் தலைமுடியும்

மாட்சிமை தங்கிய தொலைதூர, தொடர்கல்வித் துறையின் துணை ஒருங்கிணைப்பாளர், விதிகள் வகுப்பவர், வெயிலிலும் கோட்டுப் போடுபவர், உயர்திரு எதில்பெர்த்தோ சம்பில்யா அவர்களின் சமூகத்துக்கு, அதாவது நான் மூக்குச் சிந்திவிட்டு வளர்த்த என் தம்பிக்கு, அக்கா ஃபோர்த்துனாதா ஏரிக்கரையிலிருந்து எழுதிக்கொண்டது.

மாதாவின் கிருபையால் இங்கே எல்லாரும் நலம். பன்றி நம் எல்லாரையும்விட நலம். உன் அத்தானுக்கு முதுகுவலி. அதுவும் குறையில்லாமல் நலமாக இருக்கிறது. உன் நலத்தையும், அதைவிட முக்கியமாக நீ எழுதிய விதிகளின் நலத்தையும் அறிய ஆவல்.

விஷயத்துக்கு வருகிறேன். நகராட்சிக்காரன் நீலத் துணி போட்டு மூடி மூடிக் கட்டிய புதுச் சந்தைக் கட்டடம் முடிந்துவிட்டது. உள்ளே கடை வேண்டுமானால் பல்கலைக்கழகத்தில் படித்து, சுத்தமாகச் சமைக்கத் தெரியும் என்று சான்றிதழ் வாங்கி வரவேண்டுமாம். நானும் கல்யாணம் ஆன நாளிலிருந்து மீன் வறுக்கிறேன். என் மீனைத் தின்று செத்தவன் ஒருத்தன் இல்லை, தின்றுவிட்டுக் காசு கொடுக்காமல் ஓடியவன்தான் உண்டு, அவன் ஓடிய வேகமே என் மீனுக்குச் சான்றிதழ் இல்லையா? மேயரின் ஆள் கேட்கவில்லை. போன வாரமும் வந்து, "வர்ற திங்கக்கிழமை மிச்சக் கடையைப் பிரிச்சுக் கொடுக்கறோம். சான்றிதழ் இல்லாதவங்க வெளியதாம்மா"ன்னு சொல்லிட்டான். கசில்டா இருக்கிறாளே, திருவிழாவுக்குத் திருவிழா வாணலி கழுவுகிறவள், அவள் எப்போதோ வாங்கிவிட்டாள். கண்ணாடிச் சட்டம் போட்டு, அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடக்கிறாள். இந்தச் சான்றிதழுக்காகத்தான், கட்டடம் எழும்பத் தொடங்கியபோதே, நாலாம் வகுப்போடு நிறுத்திய நான் உன் துறையின் தொலைதூர வகுப்பில் சேர்ந்தேன்.

சேர்வதற்கே நேரில் வரவேண்டும் என்று எழுதின புத்திசாலி நீதானே? மூன்று மணி நேரம் வேனில், மடியில் யாரோ ஒருத்தருடைய ஆட்டோடு வந்து ஜன்னலில் நின்றேன். உள்ளே இருந்த பெண், நகம் பார்த்துக்கொண்டே, "தொலைதூரத்துல இருக்கீங்கங்கறதுக்கு அத்தாட்சி?" என்றது. "என் இடுப்பைத் தொட்டுப் பாரு கண்ணு, எவ்வளவு தூரம்னு அது சொல்லும்"னேன். "அது விதியில இல்லம்மா. மேயர்கிட்ட எழுதி வாங்கிட்டு நேர்ல வாங்க." வந்தேன். முத்திரை மங்கலாக இருக்கிறது என்றது. மறுபடி வந்தேன். புகைப்படத்தில் தொப்பி போட்டிருக்கிறேன் என்றது. தொப்பி இல்லாமல் என்னை என் புருஷனுக்கே அடையாளம் தெரியாது, இருந்தாலும் கழற்றி எடுத்து மறுபடி வந்தேன். வந்து வந்து, வேன்காரர் என்னைப் பார்த்ததும் சீட்டைத் துடைத்துவிட ஆரம்பித்தார், உங்கள் வாசலில் சோளம் விற்கிறவள் பேரப்பிள்ளைகளின் பெயரெல்லாம் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. இப்படி உங்கள் பக்கத்து வீட்டுக்காரி மாதிரி ஆனபிறகுதான் என்னைத் தொலைதூர மாணவி என்று ஒத்துக்கொண்டார்கள்.

அடுத்த விதி. வகுப்பு நேரத்தில் போனில் முகம் தெரியவேண்டும், பின்னால் வெள்ளைச் சுவர், சுற்றிலும் அமைதி, பக்கத்தில் யாரும் இருக்கக் கூடாது. நம் ஊரில் சிக்னலும் வெள்ளைச் சுவரும் அமைதியும் ஒன்றாகக் கிடைக்கிற இடம் எது? நீயே சொல்லு. கல்லறை மேடு! வாராவாரம் போர்வையைப் போர்த்திக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்தேன்.

"சேன்யோரா, உங்க பின்னாடி என்ன அது?" என்றார் வாத்தியார்.

"வெள்ளைச் செவுருதாங்கய்யா."

"அதுல பேரு, படம் எல்லாம் இருக்கே?"

"எங்க பெரியப்பாங்கய்யா. தொந்தரவு பண்ணமாட்டாரு."

எல்லாம் ஒழுங்காகத்தான் போனது, நீங்கள் ஆத்துமாக்கள் திருநாளன்று தேர்வு வைக்கும்வரை. அன்றைக்கு ஊரில் உயிரோடு இருக்கிற ஒருத்தர்கூட வீட்டில் இருக்கமாட்டார்கள் என்று உனக்குத் தெரியாதா? செத்தவர்களுக்குப் படைக்கிற பொம்மை ரொட்டி, பீர், பேண்டு வாத்தியம் எல்லாவற்றோடும் மேடேறி வந்தார்கள். போகச் சொல்ல முடியுமா, அவரவர் செத்தவரைப் பார்க்க வந்தவர்களை? வாத்தியார் என்னிடம், "சமைக்கறதுக்கு முன்னால எவ்வளவு நேரம் கை கழுவணும்?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் பின்னாலிருந்து ஒருத்தன், "நகராட்சிக் குழாயில தண்ணி வர்ற வரைக்கும்!" என்று கத்தினான். எல்லாரும் "ஆமென்" சொன்னார்கள். இன்னொருத்தன் போனுக்குள்ளே தலையை நீட்டி, "வாத்தியாரே, உங்க வீட்டுல செத்தவங்க பேரு சொல்லுங்க, ஒரு செபம் சொல்லிடறோம்" என்றான். அவரும் பாவம், அம்மா பெயரைச் சொல்லிவிட்டார். அழுதுகொண்டேதான் தேர்வை முடித்தார்.

போன் வழியாகத் தேர்வைக் கண்காணிக்கிற உங்கள் இயந்திரம் மட்டும் அழவில்லை. ஒரு மாணவிக்குப் பதிலாக ஒரு கூட்டமே தேர்வு எழுதியது என்று புகார் கொடுத்துவிட்டது. சுவரில் இருந்த பெரியப்பா படத்தையும் முகம் என்று எண்ணி அவருக்கு வருகை போட்டிருக்கிறது. பள்ளிக்கூடம் பக்கமே எட்டிப் பார்க்காத மனுஷன், செத்தபிறகு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். என் வருகை மட்டும் ரத்து.

பிறகு நீங்கள் பெரிய மனசு பண்ணி, வீட்டுக்கே ஆள் அனுப்பித் தேர்வு வைப்பதாகச் சொன்னீர்கள். நாள் குறித்ததும் நீங்கள்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை என் மகள் யேனி, தன் மகன் எர்சனுக்கு முதல் முடி எடுக்கிற விசேஷம் வைத்திருந்தாள். குழந்தை தலை முழுக்கக் கொத்துக் கொத்தாக ரிப்பன் கட்டி உட்கார்ந்திருக்கிறான், உங்கள் மதிப்பீட்டாளர் பால்தோமேரோ கோட்டும் பையுமாக உள்ளே நுழைகிறார். வாசலுக்கு வந்த பெரிய மனுஷருக்குக் கத்தரிக்கோல் கொடுக்காமல் அனுப்பினால் நம் வீட்டு மானம் என்ன ஆகிறது? உன் அத்தான் ஒரு கிளாஸ் பீரை ஒரு கையிலும் கத்தரிக்கோலை மறு கையிலும் திணித்துவிட்டார். மனுஷன் முதல் கொத்தைக் கத்தரித்து, குழந்தைக்கு முத்தம் கொடுத்து, முடி வெட்டியவர் என்ற முறையில் குழந்தைக்கு ஞானத்தகப்பனும் ஆகி, எனக்கு ஞான உறவில் கொம்பாத்ரேயும் ஆகி, என் மீனைத் தின்று "இது மாதிரி நான் சாப்பிட்டதே இல்ல கொம்மாத்ரே"ன்னு சொல்லிவிட்டு, கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தவர் அப்படியே வெளுத்துப்போனார். உன் பதினான்காம் விதி! மதிப்பிடுகிறவர் மாணவருக்கு ரத்த உறவாகவோ ஞான உறவாகவோ இருக்கக் கூடாது. இந்த நாட்டில் அப்படி ஒரு விதி எழுதுகிறவன், ஏரியில் இறங்குகிறவர்கள் நனையக் கூடாது என்றும் எழுதலாம்.

இரண்டாவதாக நோர்கா என்று ஒரு பெண்மணி வந்தார். அவருக்கு முன்பே எல்லாம் தெரியும். வாசலிலேயே நின்று, "நான் எந்தக் கத்தரிக்கோலையும் தொடமாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்" என்றார். நல்லது என்றேன். ஆனால் யேனியின் நாத்தனார் தாக்னா நகரத்திலிருந்து வந்து வெட்டவேண்டும் என்று எர்சனின் தலையில் இடதுபக்கம் மட்டும் அப்படியே மிச்சம் இருந்தது. பாதி மொட்டை, பாதி ரிப்பன். அந்தக் கோலத்தில் தவழ்ந்து போய் அந்த அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "ஐயோ, இந்தப் பிள்ளையை ஏன் இப்படிப் பாதியில விட்டுட்டீங்க?" என்று அவரே கேட்டார். கத்தரிக்கோலை அவரே கேட்டு வாங்கினார், நான் கொடுக்கவில்லை, மாதா சாட்சி. கத்தரித்தபிறகு முற்றத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டே உங்கள் அலுவலகத்துக்குப் போன் பண்ணித் தன்மேல் தானே புகார் கொடுத்தார். நேர்மையான மனுஷி. இப்போது வாரம் ஒருமுறை போன் பண்ணி, குழந்தைக்குப் பல் முளைத்ததா என்று கேட்கிறார்.

மூன்றாவது மதிப்பீட்டாளர் யார் என்று விசாரித்தேன். நீயாம். போதுமா உன் விதி?

தம்பி, விளையாட்டு போகட்டும். திங்கட்கிழமை அந்தக் கடை கிடைக்காவிட்டால் உன் அத்தான் முதுகை வைத்துக்கொண்டு சுமை தூக்கப் போகவேண்டியதுதான். அதனால் அந்தப் பதினான்காம் விதியை அடித்துவிடு. அடிக்க முடியாவிட்டால் கொஞ்சம் திருப்பி எழுது, உனக்குத்தான் அது கைவந்த கலையாயிற்றே. இல்லையென்றால் உனக்குத் தெரியாத, எங்களுக்கும் தெரியாத ஒரு ஆளை உடனே அனுப்பு. பயப்படவேண்டாம் என்று சொல்லு. எர்சன் தலையில் இனி ஒரு முடிகூட இல்லை, ஆபத்து நீங்கிவிட்டது. ஒன்றும் செய்யாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாயானால், நான் அடுப்பையும் வாணலியையும் வேனில் ஏற்றி வந்து உன் துறை வாசலில் உட்கார்ந்து மீன் வறுப்பேன். உன் கோட்டு மணக்கும்.

உனக்கும் உன் மனைவிக்கும் மாதாவின் ஆசீர்வாதம் குறையாமல் இருக்கட்டும். அவளிடம் என் முத்தங்களைச் சொல். பன்றி உனக்கு வணக்கம் சொல்கிறது. கிறிஸ்துமஸுக்கு நேரில் சந்திக்கும்.

இப்படிக்கு,
உன் துறையின் மிகத் தொலைதூர மாணவி,
அக்கா ஃபோர்த்துனாதா

பின்குறிப்பு: நேற்று எழுதி ஒட்டிய கடிதத்தை இன்று பிரித்து இதை எழுதுகிறேன். காலையில் மேயர் வந்து நீலத் துணியை அவிழ்த்து நாடா வெட்டினார். சாப்பாட்டுக் கடைகளை எல்லாம் மூன்றாம் மாடியில் வைத்திருக்கிறார்கள். லிஃப்டுக்குக் குழி மட்டும் இருக்கிறது, லிஃப்ட் இல்லை. கசில்டா எண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு படி ஏறினாள், பாதியில் உட்கார்ந்து சான்றிதழால் விசிறிக்கொண்டாள். மத்தியானம்வரை அவளிடம் வந்த ஒரே ஆள் கழிப்பறை எங்கே என்று கேட்ட போலீஸ்காரர். சான்றிதழ் இல்லாதவர்களை வெளியே, எல்லா வேனும் வந்து நிற்கிற இடத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். உன் அத்தான் சும்மா பார்ப்போமே என்று அங்கே அடுப்பு மூட்டினார், கூட வைத்துக் கொடுக்கிற சோளம் வேகுமுன் மீன் தீர்ந்துவிட்டது. அதனால் மேலே எழுதியதில் ஒன்றையும் செய்யாதே. நோர்கா கொம்மாத்ரே இரக்கப்பட்டுக் கையெழுத்துப் போட வருவார், உள்ளே விடாதே. பதினான்காம் விதி அருமையான விதி, அதை எழுதிய கைக்கு முத்தம். சட்டம் என்றால் சட்டம்தான், தம்பி. சொந்த அக்காவுக்காகக்கூட அதை வளைத்துவிடாதே.