காற்று பார்க்கும் கந்தப்பன்

ஜாதகம் பார்க்கிறவர்களை நீங்கள் அறிவீர்கள். கிணறு வெட்ட நீரோட்டம் பார்க்கிறவர்கள், வாசலை இடித்துத் திருப்பி வைக்கச் சொல்லும் வாஸ்து பார்க்கிறவர்கள், பெண் பார்க்கப் போன இடத்தில் பலகாரத்தை மட்டும் பார்க்கிறவர்கள், இவர்களையெல்லாம் பார்த்துப் பார்த்துச் சலித்திருப்பீர்கள். இப்போது புதிதாக ஓர் இனம் பெருகி வருகிறது. காற்று பார்க்கிறவர்கள். நாமெல்லாம் காற்றை மூக்கால் இழுத்து ஏதோ காலம் தள்ளுகிறோம். இவர்களுக்கு மூக்கு என்பது கண்ணாடி உட்காரும் இடம்; அவ்வளவுதான். காற்று எப்படியிருக்கிறது என்ற சேதி இவர்களுக்கு வருவது வானத்தில் சுற்றும் செயற்கைக்கோளிலிருந்து.

எங்கள் எருத்தேன்பதியில் இந்த இனத்துக்குக் கந்தப்பன் ஒருவரே போதும். தென்னந்தோப்பும் கொஞ்சம் வயலும் உள்ளவர். விடிந்ததும் வாசலுக்கு வருவார். எதிரே பனியா புகையா என்று தெரியாமல் வெள்ளையாக ஏதோ நின்றுகொண்டிருக்கும். நிமிர்ந்து பார்ப்பாரா? மாட்டார். குனிவார். கைப்பேசியில் உலகப் படத்தை விரித்து, விரலால் இழுத்து, கேரளத்தைப் பிடித்து, பாலக்காட்டுக்குள் நுழைந்து, எங்கள் ஊரின் மேல் என்ன நிறம் பூசியிருக்கிறது என்று பார்ப்பார். நீலமென்றால் நிம்மதி. மஞ்சளென்றால் கவலை. சிவப்பென்றால் அன்று பேச விஷயம் கிடைத்தது.

பால் கேனோடு போகிறவரை நிறுத்துவார்.

"ஏனுங்க, தொண்டை கரகரங்குதுங்களா?"

"ஆமாங்க. நேத்து ஐஸ் போட்ட சர்பத் குடிச்சுப்போட்டேன்."

"சர்பத் இல்லீங்க. அரேபியாப் பாலைவனத்துத் தூசி. கடல் தாண்டி வந்து நம்ம தலைக்கு மேல நிக்குது."

சர்பத் குடித்தவருக்கு, தன் தொண்டையில் அரேபியா இறங்கியிருப்பதில் லேசாக ஒரு பெருமை. கனைத்துக்கொண்டே போவார்.

மழைக்காலம் வந்து மேகம் மூடிக்கொண்டால் படம் வெறுமையாகிவிடும். அந்த நாட்களில் கந்தப்பன், காற்றைப் பற்றி எந்த அபிப்பிராயமும் இல்லாமல், வெற்றிலையை மறந்துவிட்டு வந்தவர் போலத் திரிவார். அவருடைய தாய்மாமன் தவறியபோது மயானத்தில் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். இவர் ஓரமாகப் போய், தீ எரியும் இடங்களைச் சிவப்புப் புள்ளியாகக் காட்டும் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் தேடினார். கடைசியில் உதட்டைப் பிதுக்கினார். "மாமன் தெரியலீங்க."

இதுவரை சிரிப்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகுதான் தார் பிளாண்ட் வந்தது.

ஊருக்குக் கிழக்கே, ரோட்டுக்குத் தார் கலக்கும் ஆலை. முதலாளி கௌசிக், கந்தப்பனுக்கு ஒருவழியில் உறவு. வெள்ளைச் சட்டை, பணிவான பேச்சு. மார்கழியில் கிழக்குக் காற்று எழுந்ததும் புகை நேராக எங்கள் வீடுகளுக்குள் வந்து குடியேறியது. துவைத்த துணியில் கரி. சோற்றில் தார் வாடை. கந்தப்பனின் மனைவி நாச்சம்மாளுக்கு இருமல் பிடித்தது. பக்கத்து வீட்டுக் கோமதி பஞ்சாயத்து மெம்பர். அவளுடைய மூன்று வயதுப் பெண் குழந்தைக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்து, முகமூடி வைத்து மருந்துப்புகை பிடிக்கும்படி ஆனது. கோமதி ஊரைத் திரட்டி, எங்கள் பக்கத்தில் பராதி என்று சொல்லும் புகாரை மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் கொடுத்தாள். விசாரணைக்கு நாள் குறித்தார்கள்.

விசாரணைக்குச் சில நாட்கள் முன்பு கௌசிக் ஒரு பெட்டி மைசூர்பாகோடு கந்தப்பன் வீட்டுக்கு வந்தான்.

"ஏனுங் மாமா, இத்தன விசயம் தெரிஞ்சவரு நம்மூர்ல இருக்கறது வெளிய யாருக்குமே தெரியாமப் போச்சுங்களே!"

இந்த இனத்தைப் பிடிக்க வலையெல்லாம் வேண்டியதில்லை. இந்த ஒரு வாக்கியம் போதும். நைட்ரஜன் டை ஆக்சைடு என்றால் என்ன, அதன் மேல் பட்டுத் திரும்பும் வெயிலை வைத்து எப்படி அளக்கிறார்கள், காற்றில் மிதக்கும் நுண்துகளுக்கு ஏரோசால் என்று பெயர், எல்லாவற்றையும் கந்தப்பன் மூச்சுவிடாமல் சொன்னார். கௌசிக் வாய் பிளந்து கேட்டான்.

"அந்தச் சாட்டிலைட்டு நம்மூருக்கு மேல எப்பங்க மாமா வரும்?"

"தெனமும் மத்தியானம் ஒண்ணரைவாக்குல, தம்பி. டாண்ணு வந்துரும்."

மறுநாளிலிருந்து தார் பிளாண்ட் உச்சிப்பொழுதில் நின்று, வெயில் தாழ்ந்ததும் மறுபடி ஓடியது. கந்தப்பன் அதைக் கவனித்தாரா? அவர் படத்தையல்லவா கவனித்துக்கொண்டிருந்தார்.

விசாரணைக்கு வந்த அதிகாரி ஜின்சி, மலையாளம் கலந்த தமிழ் பேசும் பொறுமையான அம்மாள். ஊர்க்காரர்கள் ஆளாளுக்குக் கத்தி முடித்ததும், கௌசிக் எழுந்து, "எங்க மாமாவைக் கேளுங்க மேடம், விஞ்ஞானமாப் பேசுவாரு" என்றான். கந்தப்பன் எழுந்தார். சால்வையைச் சரிசெய்தார். ஒரு வாரப் படங்களை வரிசையாகக் காட்டினார். எல்லாம் நீலம்.

"அப்போ, புகை உண்டென்னு பராதி. படத்துல ஒண்ணும் இல்லல்லோ?" என்றார் ஜின்சி.

"மேலேயிருந்து பாத்தா க்ளீனா இருக்குதுங்க மேடம்."

கோமதி எழுந்தாள். "சித்தப்பா, என்ற பாப்பாவுக்கு மூச்சு இழுக்குறது அந்தப் படத்துல வருங்களா?"

"அம்மிணி, அது உன்ற சொந்த அனுபவம். இது டேட்டா."

கோமதி குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டாள். ஆதாரம் போதவில்லை என்று விசாரணையைத் தள்ளிவைத்தார்கள். பிளாண்ட் ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்த கந்தப்பன், நன்றாகப் பேசியதாகவே நினைத்தார். நாச்சம்மாள் சோறு போட்டாள். இருமினாள். பிறகு, "அந்தப் படத்தை என்ற கிட்டக் காட்டுங்க" என்றாள். இத்தனை நாளில் அவள் கேட்டது இதுதான் முதல் தடவை. ஆசையாகக் காட்டினார்.

"நம்மூடு எதுங்க இதுல?"

"இந்தா, இந்தக் கட்டம்."

"கோமதி ஊடு?"

"அதுவும் இதே கட்டந்தான்."

"கௌசிக்கோட பிளாண்ட்டு?"

"அதுவும் இதுக்குள்ளதான். வயலு, கொளம், தோப்பு எல்லாஞ்சேந்து பல மைலுக்கு ஒரே கட்டம். கீழயிருந்து வானம் முட்டும் இருக்கற காத்தை மொத்தமாக் கூட்டி ஒரே நெறமாப் போடுவாங்க."

நாச்சம்மாள் யோசித்தாள்.

"அப்ப என்ற இருமலை ஊரு முச்சூடும் பங்கு வெச்சுத்தான் அது காட்டுதுங்களா?"

கந்தப்பன் படத்தை மூடி வைத்துவிட்டுச் சோற்றைப் பிசைந்தார்.

"அதென்னங்க, இப்பெல்லாம் உச்சிக்கு உச்சி பிளாண்ட்டை நிறுத்தறான் அந்தப் பையன்? சாயந்திரம் ஓட்டறான், காலம்பற ஓட்டறான். நடுவால மட்டும் நிறுத்தறான்."

சாதம் பிசைந்த கை அப்படியே நின்றது. மைசூர்பாகுப் பெட்டி, பணிவான குரல், ஒண்ணரைவாக்குல டாண்ணு, எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்து அவர் முகத்தில் அறைந்தன. ஊரை ஏமாற்ற நேரம் குறித்துக் கொடுத்த ஜோசியர் அவர்தான். எழுந்து கை கழுவிவிட்டுத் தோப்புக்குள் போனவர், வெகுநேரம் திரும்பவில்லை.

மறுநாள் கோமதி வீட்டு முற்றத்தில் போய் நின்றார். உள்ளே குழந்தை முகமூடியோடு உட்கார்ந்திருந்தது. அந்தச் சின்ன நெஞ்சு ஏறி இறங்குவதை அவர் அன்றுதான் பார்த்தார். படத்தில் அல்ல, கண்ணால்.

"அம்மிணி, இன்னொரு பராதி எழுது. மொதல் கையெழுத்து நான் போடறேன்."

"என்ன கலர் மையில போடுவீங்க சித்தப்பா?" என்றாள் கோமதி.

குத்தலை வாங்கிக்கொண்டார். வேறு வழி?

இரண்டாவது விசாரணையில் கந்தப்பன் எழுந்ததுமே கௌசிக், போன விசாரணையில் பதிந்து வைத்திருந்ததைத் தன் கைப்பேசியில் தட்டினான். "மேலேயிருந்து பாத்தா க்ளீனா இருக்குதுங்க மேடம்" என்று கந்தப்பனின் குரலே கூடம் முழுக்கக் கேட்டது. ஜனம் சிரித்தது.

"இதுல ஏதாணு சத்யம்? அன்னைக்குச் சொன்னதா, இப்போ சொல்லுறதா?" என்றார் ஜின்சி.

கந்தப்பன் கைகளைக் கட்டிக்கொண்டார். "படம் பொய் சொல்லலீங்க மேடம். அதுகிட்டக் கேக்கக் கூடாததை நாந்தான் கேட்டுப்போட்டேன். அது உச்சியில ஒருக்காப் போறது. அது போற நேரத்தை இந்தத் தம்பிக்குச் சொல்லிக் குடுத்த முட்டாளும் நாந்தானுங்க. நீங்க காலையில, யாருகிட்டயும் சொல்லாம வாங்க. எங்கூட்டு வாசல்ல நில்லுங்க. அது போதும்."

இந்தத் தடவையும் சிரித்தார்கள். ஆனால் நாச்சம்மாள் சிரிக்கவில்லை. தலையை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள்.

ஜின்சி சொல்லாமல்தான் வந்தார். கிழக்கே வெளுக்கும் நேரம். கந்தப்பனின் மதில்மேல் ஒரு சின்னக் கருவியை வைத்தார்கள். காற்று வந்தது, காற்றோடு அதுவும் வந்தது. கருவியில் எண்கள் ஏறுவதற்குள் அதிகாரியின் துப்பட்டா மூக்குக்கு ஏறிவிட்டது. வடிகட்டி வைத்து, புகைபோக்கியை உயர்த்திக் கட்டும்வரை பிளாண்ட் ஓடக்கூடாது என்று உத்தரவானது.

"ஒறம்பரை, சொந்தக்காரருன்னு நம்பினேனுங்களே மாமா!" என்று கௌசிக் புலம்பினான்.

"நானுந்தான் தம்பி நம்பினேன்" என்றார் கந்தப்பன்.

மாசி பிறப்பதற்குள் நாச்சம்மாளின் இருமல் விட்டது. கோமதியின் குழந்தை முகமூடியைப் பொம்மைக்கு மாட்டி விளையாடுகிறது. கந்தப்பன் திருந்திவிட்டாரா என்று கேட்கிறீர்களா? பிளாண்ட் நின்ற மறுநாளே, யாரும் பார்க்காத நேரத்தில், படத்தை எடுத்து எங்கள் கட்டத்தைப் பார்த்தார். அதே நீலம். பிளாண்ட் ஓடியபோது எப்படியோ அப்படியே. இதை மட்டும் அவர் ஊரில் ஒருவரிடமும் சொல்லவில்லை.

பாவம், அவரை விடுங்கள். நீங்கள் ஏன் இவ்வளவு சிரிக்கிறீர்கள்? போன வாரம் உங்கள் வீட்டில் ஒருவர், "உடம்பு அனலாக் கொதிக்குது" என்று சொன்னபோது, உங்கள் கை அவர் நெற்றிக்குப் போனதா, சட்டைப்பைக்குப் போனதா? ஏழு நோய்களின் பெயரைப் படித்துக் காட்டி, அதில் இரண்டு ஆப்பிரிக்காவில் மட்டுமே வரும் என்று ஆறுதலும் சொன்னீர்களே, அது முடிந்த பிறகாவது தொட்டுப் பார்த்தீர்களா?