அம்மாளுக்கு முன்வரிசைக் கதிரை

சுகாதாரப் பரிசோதகராக முப்பது வருடங்களுக்கு மேல் வேலை பார்த்தேன். அதில் எத்தனை தொற்றுநோய்களைத் தடுத்தேன் என்று சரியாகச் சொல்ல முடியாது. பரப்பியது எத்தனை என்று கேட்டால் தயங்காமல் சொல்வேன்: ஒன்று. அதையும் ஒளித்து மறைத்துப் பரப்பவில்லை. மேடை போட்டு, ஊரைக் கூட்டி, காற்றில் கிருமிகள் எப்படிப் பரவுகின்றன என்று விளக்கிக்கொண்டே பரப்பினேன்.

ஐம்பதுகளின் கடைசி. எனக்கு இருபத்துமூன்று வயது. முள்ளியவளையிலிருந்து சைக்கிளில் ஒரு மணித்தியாலம் போனால் வரும் புதிய குடியேற்றத் திட்டம் ஒன்றில் நியமனம். யாழ்ப்பாணப் பக்கமிருந்து வந்து, குளத்துத் தண்ணீரை நம்பி வயல் செய்த குடும்பங்கள் அங்கே இருந்தன. நான் முல்லைத்தீவுக் கரையில் மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. வவுனியாவிலிருந்து டொக்டர் வந்து, என் வேலையைப் பார்த்து, ‘சரி’ என்று எழுத வேண்டும். எழுதாவிட்டால் அப்பாவின் வள்ளத்தில் எனக்கு எப்போதும் ஓர் இடம் இருந்தது. (கடலைப் பார்த்தாலே எனக்குத் தலை சுற்றும். அதனால்தான் இந்த உத்தியோகமே.)

பயிற்சியில் எனக்குப் பிடித்த பாடம் காற்றில் உள்ள நுண்ணங்கிகள். ஒரு தும்மலில் எத்தனை துளிகள் பறக்கும், அவை எவ்வளவு நேரம் காற்றில் மிதக்கும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். தேத்தண்ணீர்க் கடையில் யாராவது இருமினால் பக்கத்தில் போய் உட்கார்ந்து விளக்கம் சொல்வேன். கொஞ்ச நாளில் நான் கடைக்குள் நுழைந்தாலே ஆட்கள் இருமலை அடக்கப் பழகிக்கொண்டார்கள். அதைச் சுகாதார முன்னேற்றம் என்று டயரியில் எழுதினேன்.

டொக்டர் வரும் சனிக்கிழமை பள்ளிக்கூடத்தில் ஒரு பொருட்காட்சியும் கூட்டமும் வைப்பது என்று தீர்மானித்தேன். தலைப்பு, ‘காற்றில் வரும் எதிரி’. அவித்த உருளைக்கிழங்குத் துண்டுகளைச் சந்தையிலும் பள்ளிக்கூடத்திலும் கோயில் வாசலிலும் திறந்து வைத்து, பிறகு மூடிப் பூஞ்சணம் பிடிக்கவிட்டேன். அதோடு ஊரில் யாருக்காவது காய்ச்சல், தடிமன் உண்டா என்று கணக்கெடுக்க வீடு வீடாகப் போனேன்.

ஐந்தாம் வாய்க்கால் கரையில் பரிமளக்காவின் வீடு. படலையில் வேப்பங்கொத்து கட்டியிருந்தது. நுளம்பை விரட்டக் கட்டியிருக்கிறார்கள் என்று மனதுக்குள் பாராட்டினேன். நான் சைக்கிளை நிறுத்துவதற்குள் பரிமளக்கா ஓடி வந்து படலையை மறித்துக்கொண்டார்.

“தம்பி, உள்ளுக்கை வராதேங்கோ.”

“வீட்டிலை ஆருக்கும் வருத்தமோ அக்கா?”

“சீ, அப்பிடிச் சொல்லாதேங்கோ. வருத்தம் ஒண்டுமில்லை. அம்மாள் வந்திருக்கிறா.”

ஊரில் வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்திலேயே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுச் சைக்கிளைத் திருப்பியிருப்பார்கள். நான் ஐந்தாம் வகுப்பிலிருந்து கத்தோலிக்கச் சுவாமிமாரின் விடுதியில் வளர்ந்தவன். எங்கள் கரையில் அந்த வருத்தத்தைக் கொப்பளிப்பான் என்போம், செபஸ்தியாருக்கு மெழுகுதிரி கொளுத்துவோம். அம்மாள் என்றால் அம்மா. ‘ள்’ மரியாதைக்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

“எப்ப வந்தவா?”

“செவ்வாய்க்கிழமை.”

“எத்தனை நாள் நிப்பா?”

“அது அவாவின்ரை விருப்பம் தம்பி. தலைக்குத் தண்ணி வாத்தால் போயிடுவா.”

குளித்த கையோடு புறப்படுகிற கிழவி போலும் என்று எண்ணினேன். பரிமளக்கா தொடர்ந்து சொன்னார்: “இப்ப சின்னவனோடைதான் நிக்கிறா. வீட்டிலை பொரியல் தாளிதம் ஒண்டும் இல்லை. சத்தம் போட்டாலும் அவாவுக்குப் பிடிக்காது.”

“வயது போனால் அப்பிடித்தான் அக்கா. கொஞ்சம் அனுசரிச்சுப் போங்கோ.”

“வயதோ? அவாவுக்கோ?” என்று பரிமளக்கா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். வேதக்காரப் பெடியனுக்கு இதுக்கு மேலே தெரியாது என்று விட்டுவிட்டார் போலிருக்கிறது.

அந்த வாரம் ஆறு வீடுகளில் அம்மாள் வந்திருந்தா. ஆறு வீட்டிலும் ஒருவருக்கும் வருத்தமில்லை. ‘தொற்றுநோய்: இல்லை. வெளியூரிலிருந்து வந்துள்ள தாய்மார்: ஆறு’ என்று பதிவேட்டில் அழகாக எழுதினேன். அதோடு நின்றிருந்தால் வெறும் முட்டாள்தனமாகப் போயிருக்கும். எனக்கு ஊர்ப்பற்று மேலிட்டது. ஊரில் மூத்த ஆட்கள் தங்கியிருக்கும்போது அவர்களை விட்டுவிட்டுக் கூட்டம் வைக்கலாமா? திரும்பவும் பரிமளக்காவின் படலைக்குப் போனேன்.

“அக்கா, சனிக்கிழமை கூட்டத்துக்கு அம்மாளையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு வாங்கோ. முன்வரிசையிலை கதிரை போடுறன்.”

“அம்மாளையோ? பள்ளிக்கூடத்துக்கோ?”

“ஒரு வீட்டிலும் ஒருத்தரும் விடுபடக்கூடாது. அரசாங்கக் கட்டளை.” (அப்படி ஒரு கட்டளை இருக்கவில்லை.)

அவர் படலையிலிருந்த வேப்பங்கொத்தைச் சரிசெய்தார். பிறகு, “அவா வாற இடம் சுத்தமாய் இருக்க வேணும் தம்பி. மச்சம் ஒண்டும் அண்டக்கூடாது” என்றார்.

சுகாதாரப் பரிசோதகனிடம் சுத்தம் கேட்கிறார். எனக்கு மெய் சிலிர்த்துவிட்டது. மற்ற ஐந்து வீட்டுக்கும் போய் அதே கட்டளையைச் சொன்னேன். பள்ளிக்கூட மண்டபத்தைச் சாணி போட்டு மெழுகுவித்தேன். மூன்று நாள் மீன் தொடவில்லை. ஆறு கதிரைகளுக்கும் வெள்ளைத் துணி விரித்தேன். வெளித் தூசி வந்து என் பூஞ்சணங்களைக் கெடுத்துவிடும் என்று மண்டபத்தின் நான்கு பக்கமும் சாக்குப் படுதா கட்டி, ஒரு பொட்டுக் காற்று நுழையாமல் அடைத்தேன்.

சனிக்கிழமை மண்டபம் நிறைந்துவிட்டது. கடைசியில் ஆறு வீட்டுக்காரரும் கற்பூரத் தட்டோடு வந்தார்கள். ஆனால் கதிரைகளில் இருந்தவர்கள் ஆறு சிறு பிள்ளைகள். மஞ்சள் துணியால் போர்த்தி, முகத்தில் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசி, கையில் ஆளுக்கொரு வேப்பங்கொத்து. படுதா இருட்டில் வேறொன்றும் தெரியவில்லை. கிழவிகள் வர வெட்கப்பட்டுப் பேரப்பிள்ளைகளை அனுப்பிவிட்டார்கள் என்று நினைத்து, கொஞ்சம் மனவருத்தத்தோடு பேச்சைத் தொடங்கினேன்.

ஒருவர் மூச்சில் இருந்து இன்னொருவர் மூச்சுக்கு நோய் போகும் என்றேன். அதை நிரூபிக்க ஒரு முகக்கண்ணாடியை எடுத்து முன்வரிசையில் கொடுத்தேன். “நல்லாய் ஊதுங்கோ. ஈரம் படியுது பாருங்கோ. பாத்திட்டுப் பின்னாலை குடுங்கோ.” ஆறு பிள்ளைகளும் ஆசையாக ஊதினார்கள். கண்ணாடி அடுத்த வரிசைக்குப் போனது. அங்கிருந்தும் ஊதினார்கள். டொக்டர் படுதாவை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தபோது கண்ணாடி நாலாம் வரிசையில் இருந்தது.

அவர் முதலில் பார்த்தது முன்வரிசையைத்தான்.

“இவை ஆர்?”

“வெளியூரிலையிருந்து வந்த அம்மாமாருக்குப் போட்ட கதிரை, சேர். அவை வரேல்லை. பிள்ளையளை அனுப்பியிருக்கினம்.”

டொக்டர் குனிந்து ஒரு பிள்ளையின் போர்வையை விலக்கினார். முதுகைப் பார்த்தார். அடுத்த பிள்ளையையும் பார்த்தார். நிமிர்ந்தார்.

“அம்மாமார் வந்துதான் இருக்கினம்” என்றார். “ஒவ்வொரு பிள்ளையிலையும் நூறு இடத்திலை.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. காலுக்குக் கீழே மெழுகிய நிலம் இருந்தும் வள்ளத்தில் நிற்பதுபோல் இருந்தது. பரிமளக்கா எழுந்து நின்றார்.

“ஐயா, நாங்கள் கொண்டு வரமாட்டம் எண்டுதான் இருந்தனாங்கள். தம்பிதான் அரசாங்கக் கட்டளை எண்டவர். ஒரு வேதக்காரப் பிள்ளை அம்மாளுக்குக் கதிரை போட்டுக் கூப்பிடேக்கை மாட்டம் எண்டு சொல்லலாமோ?”

டொக்டர் படுதாக்களை அவிழ்க்கச் சொன்னார். பெரியம்மை இல்லை, கொப்பளிப்பான்தான் என்று சனத்துக்குச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார். கடைசியில் நானும் அவரும் என் உருளைக்கிழங்குகளும் மிஞ்சினோம்.

“சனம் வேப்பங்கொத்தைக் கட்டிப்போட்டு, ஒருத்தரையும் உள்ளுக்கை விடாமல் இருந்துது. அதை உம்மடை புத்தகத்திலை என்னெண்டு போட்டிருக்கு?”

“தனிமைப்படுத்தல், சேர்.”

“ஓம். அதைத்தான் நீர் கதிரை போட்டுக் குலைச்சிருக்கிறீர்.”

இரண்டு கிழமையில் பள்ளிக்கூடத்தில் பாதி வாங்குகள் காலி. நாலாம் வரிசையில் கடைசியாகக் கண்ணாடியில் ஊதிய சிறுமிக்குக் காய்ச்சல் கடுமையாக அடித்தது. அவள் எழும்பி நடக்கும்வரை நான் தினமும் அந்த வீட்டுப் படலைக்கு வெளியே போய் நின்று விசாரித்துவிட்டு வருவேன். எல்லாப் பிள்ளைகளும் சுகமானார்கள். அந்த நாட்களை நினைத்தால் எனக்கு இன்றும் வெட்கமாகத்தான் இருக்கிறது. டொக்டர், ‘கிருமிகளைப் பற்றி நன்கு அறிந்தவர். மனிதர்களைப் பற்றி அறிய இன்னும் ஒரு வருடம் தேவை’ என்று எழுதி என் நிரந்தரத்தைத் தள்ளிப்போட்டார். வேலை போகவில்லை, அப்பாவின் வள்ளம் என்னிடமிருந்து தப்பியது.

பிறகு எனக்கும் வந்தது. நான் என்ன, காற்றுக்கு வெளியிலா இருந்தேன்? பரிமளக்காதான் என் குவாட்டர்ஸ் படலையில் வேப்பங்கொத்துக் கட்டி, இளநீரை வாசலில் வைத்துவிட்டுப் போவார். செய்தி கேட்டு ஒரு நாள் மத்தியானம் என் அம்மா கரையிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார், கையில் ஒரு பை கருவாட்டோடு. மச்சத்தோடு உள்ளே விட முடியாது என்று பரிமளக்கா படலையிலேயே மறித்துவிட்டார். வேலிக்கு மேலால் எனக்குக் குரல் கொடுத்தார்.

“தம்பி, அம்மா வந்து நிக்கிறா. என்ன செய்யிறது?”

காய்ச்சலில் படுத்திருந்த எனக்கு ஊர்ப் பாஷை அப்போதுதான் நன்றாகப் பிடிபட்டிருந்தது.

“அது தெரியும் அக்கா. முதுகு முழுக்க நிக்கிறா. ஒரே அரியண்டம். எப்ப துலைவா எண்டுதான் பாத்துக்கொண்டு கிடக்கிறன்.”

நான் மெல்ல எழுந்து வாசலுக்கு வந்தபோது கருவாட்டுப் பை வேலியில் தொங்கியது. அம்மா பஸ் நிற்கும் இடத்தை நோக்கி, திரும்பிப் பாராமல் போய்க்கொண்டிருந்தார். சமாதானப்படுத்த ஒரு மாதமும் பரிமளக்காவின் நேரடிச் சாட்சியமும் தேவைப்பட்டன. என் கல்யாணத்தில் பெண் வீட்டாருக்கு அம்மா முதலில் சொன்ன கதையும் இதுதான்.

அதற்குப் பிறகு சாகும்வரை அம்மா என் வீட்டுக் கதவைத் தட்டினால், “ஆர்?” என்று நாங்கள் கேட்கும் முன்பே வெளியிலிருந்து சொல்வார்: “பெத்த அம்மா வந்திருக்கிறன். கொப்பளிக்கிற அம்மா இல்லை. திறவுங்கோ.”